கட்டுத்தரையில் எதை முதலில் வாங்குவது?

நேயர்களுக்கு வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் 11 கலப்பின மாடுகளை வைத்துப் பிழைக்கிறவன் நான். என்னைப் பேசக் கூப்பிட்டதற்குக் காரணம், வாங்க வேண்டியதை எல்லாம் தலைகீழ் வரிசையில் வாங்கினவன் என்று ஊருக்கே தெரியும் என்பதுதான்.

முதலில் வாங்கியது கறவை இயந்திரம். கறவைக்காரர் திருவிழா, கல்யாணம் என்று போய்விட்டால் அன்றைக்கு வீட்டில் சண்டைதான். அந்தக் கோபத்தில் வாங்கினேன். நேரம் மிச்சமாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. எட்டு மாடு கறவையில் இருந்தது, இயந்திரத்தில் காம்பில் மாட்டுகிற குழாய் ஒரு செட்தான், ஒரு நேரத்தில் ஒரு மாடுதான் கறக்கும். மாட்டுக்கு ஆறு நிமிடம், கழுவி மாட்ட அரை மணி. கூட்டிப் பார்த்தால் கையால் கறக்கிற நேரத்துக்குக் கிட்டத்தட்ட சமம். மிச்சமானது கை வலியும், ஆள் வருவாரா என்று வாசலைப் பார்க்கிற பாடும். அது பெரிய மிச்சம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நாலு மாடு வைத்திருப்பவருக்குக் கழுவுகிற வேலையே ஆதாயத்தைத் தின்றுவிடும்.

சரி, வாங்கிய ஒன்பதாம் மாதம் இரண்டு மாடுகளுக்கு மடிநோய். டம்ளரில் கறுப்புத் துணி கட்டி முதல் பீச்சு பாலை விட்டால் தயிர்த் துணுக்கு மாதிரி நிற்கிறது. வைத்தியம் பார்க்க வந்த டாக்டர் மாட்டைப் பார்த்துவிட்டு நேராக இயந்திரத்திடம் போனார். காம்பு நுழைகிற ரப்பர் குழாயைக் கழற்றி, "உள்ளே விரலை விடுங்க" என்றார். விட்டேன். வெயிலில் கிடந்த பழைய சைக்கிள் டியூப் மாதிரி சொரசொரப்பு. அதை லைனர் என்பார்கள். ரப்பர் லைனர் சுமார் 2,500 கறவைக்குத்தான் தாங்கும். எனக்கு எட்டு மாடு, இரண்டு வேளை, நாளைக்கு 16 கறவை. 156 நாள், அதாவது ஐந்து மாதத்திலேயே மாற்றியிருக்க வேண்டும். விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரப்பரில் விழுந்த வெடிப்புக்குள் பால் தங்கிக் கிருமி வளர்ந்து, ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குப் போயிருக்கிறது. இப்போது லைனர் மாற்றிய தேதியைச் சுவரில் கரியால் எழுதி வைக்கிறோம்.

இன்னும் இரண்டு விஷயம் அன்றைக்கு டாக்டர் காட்டினார். இயந்திரம் உறிஞ்சுகிற அழுத்தத்தைக் காட்டும் வெற்றிட மீட்டர் முள் 40க்கும் 50க்கும் நடுவே நிற்க வேண்டும், கிலோபாஸ்கல் கணக்கில். ஓடும்போது லைனருக்குள் கட்டைவிரலை விட்டால் பிடித்துப் பிடித்து விடும். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினால் நிமிடத்துக்கு 60 தடவை வர வேண்டும். அப்புறம், காம்பைத் துடைத்து ஒரு நிமிடம் பொறுத்து மாட்டுங்கள். அதற்குள் மாடு பாலைச் சுரந்துவிடும். அந்தச் சுரப்பு ஐந்து, ஏழு நிமிடத்துக்கு மேல் நிற்காது. பால் நின்ற பிறகும் இயந்திரம் இழுத்துக்கொண்டே இருந்தால் காம்பு முனை தடித்து வெள்ளை வளையம் விழும். வளையத்தைக் கண்டால் மாட்டின் மேல் குற்றம் சொல்லாதீர்கள்.

ஆனால் நான் முதலில் வாங்கியிருக்க வேண்டியது வேறு. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். பத்து லிட்டர் கறக்கிற மாட்டுக்கு நாளைக்கு 60, 70 லிட்டர் தண்ணீர் வேண்டும், கோடையில் அதற்கு மேலும். நாங்கள் மூன்று வேளை வாளியில் காட்டிக்கொண்டிருந்தோம். வாளி தீர்ந்ததும் மாடு நாக்கால் அடியை நக்கும். குடித்து முடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு போவோம்! பிற்பாடு தீவனத் தொட்டியை ஒட்டி நீளமாக ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டி மிதவை வால்வு போட்டோம். ராத்திரி இரண்டு மணிக்கும் மாடு குடிக்கிற சத்தம் கேட்கிறது. ஒரு வாரத்திலேயே சொசைட்டிக்குப் போகிற கேனில் வித்தியாசம் தெரிந்தது.

அடுத்தது புல் நறுக்கும் இயந்திரம். கோ-4 புல்லை முழுசாகப் போட்டால் இலையை உருவிவிட்டுத் தண்டை மிதித்துவிடும். ஒன்று, ஒன்றரை அங்குலமாக நறுக்கிப் போட்டால் தண்டும் வயிற்றுக்குப் போகும். நாலு மாடு இருந்தாலும் இது வேண்டும். புல் இழுக்கிற உருளைக்குப் பக்கத்தில் கை போகாதபடி நீளமான தள்ளுதட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சேலை, துண்டு தொங்கவிட்டு அதன் கிட்டே நிற்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் மலிவு, தினசரி காலண்டர். என் மனைவி பருவத்துக்கு வந்த தேதி, சினை ஊசி போட்ட தேதி, ஈன்ற தேதி எல்லாம் அதில்தான் எழுதுவாள். ஊசி போட்ட 21ஆம் நாள் தாளில் மாட்டின் பெயர் முன்கூட்டியே இருக்கும். சினை பிடிக்காவிட்டால் அந்த நாள் வாக்கில் மறுபடி பருவத்துக்கு வரும், அதனால் கண்ணை அந்த மாட்டின் மேல் வைப்போம். ஒரு பருவம் தவறினால் மூன்று வாரத் தீவனம் சும்மா போகிற மாதிரி. அந்தச் செலவுக்கு யாரும் ரசீது தருவதில்லை, அதனால் நமக்குத் தெரிவதில்லை.

இப்போது மகன் சாணி வழிக்கும் இயந்திரம் வேண்டும் என்கிறான். ஒரு வாரம் பார்த்தோம். கஷ்டம் சாணியில் இல்லை, மூத்திரம் வடியாமல் தேங்கி அதோடு கலந்து சேறாவதில்தான். மாடு நிற்கிற தரை ஐந்தரை அடி நீளம். பின்பக்கம் ஒன்றரை அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். மட்டம் பிடித்தால் அரை அங்குலம்கூட இல்லை. வெள்ளிக்கிழமை கொத்தனார் வருகிறார். இயந்திரப் பேச்சு அதற்குப் பிறகு என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். வணக்கம்.