அடிவயிற்றில் திடீர் வலி: ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால்?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் ஈரோடு மாவட்டத்தில் மகப்பேறு மருத்துவராகப் பணிபுரிகிறேன். பெண்களுக்கு அடிவயிற்றில் திடீரென்று வருகிற வலியைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். மாதவிலக்கு வலியைப் பற்றி வீடுகளில் இப்போது ஓரளவு வாய்விட்டுப் பேசுகிறோம். நான் சொல்ல வந்தது வேறு வலி. நன்றாக இருந்த பெண்ணுக்கு, மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போதோ, பஸ்ஸில் நிற்கும்போதோ, நடுச்சாமத் தூக்கத்திலோ, தொப்புளுக்குக் கீழே சுருக்கென்று பிடிக்கிறது. நிமிர முடிவதில்லை. அரை மணி நேரத்தில் போய்விடுகிறது; பத்து நாள் கழித்து மறுபடியும் வருகிறது. ஸ்கேன் எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள். "ஏனுங்க டாக்டரம்மா, ஒன்றுமே இல்லையென்றால் எனக்கு ஏன் வலிக்கிறது?" என்று என் எதிரே அமர்ந்து கண் கலங்கிய பெண்கள் பலர்.

அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. அதற்கு முன்னால், எந்த வலியை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கும்போது ஒரு பக்கமாக வலி வந்து, தலை சுற்றி, முகம் வெளுத்து, தோள்பட்டையின் நுனியிலும் வலித்தால், கரு கர்ப்பப்பைக்குள் தங்காமல் கருக்குழாயிலேயே வளர்ந்து, குழாய் வெடித்திருக்கலாம். வயிற்றுக்குள் கசியும் இரத்தம், மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையான உதரவிதானத்தை உறுத்துவதால்தான் தோளில் வலிக்கிறது. வெளியே கொஞ்சமாகத்தான் உதிரம் தெரியும்; உள்ளே உயிர் போகிற அளவுக்கு இரத்தம் போய்க்கொண்டிருக்கும். இதில் நம் ஊர்ப் பெண்கள் ஏமாந்துபோகிற இடம் ஒன்று இருக்கிறது. "நான்தான் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டேனே, எனக்கு எப்படிக் கர்ப்பம்?" என்பார்கள். அந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு கர்ப்பம் தரிப்பது மிக அரிது. ஆனால் அப்படித் தரித்துவிட்டால், அது குழாயில் தங்குகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆகவே இரண்டு பிள்ளைகள் பெற்று ஆபரேஷன் செய்துகொண்டவராக இருந்தாலும், நாள் தள்ளியிருந்து வலி வந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, சினைப்பை முறுக்கிக்கொள்வது. பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளைகளுக்கும் வரும். ஒரு பக்கம் திடீரென்று கடுமையாக வலித்து, கூடவே வாந்தி வரும். சில நேரம் முறுக்கு தானாகத் தளர்ந்து வலி குறையும். அதனால் வீட்டில் நிம்மதியாகிவிடுவார்கள். சினைப்பைக்கு இரத்தம் நின்று எவ்வளவு மணி நேரம் ஆகிறது என்பதைப் பொறுத்தே அதைக் காப்பாற்ற முடியும். ஆபரேஷன் செய்தால் நாளைக்குப் பிள்ளை பிறக்குமா என்று பெற்றோர் தயங்குவதை நான் புரிந்துகொள்கிறேன். முறுக்கைப் பிரித்துவிட்டால் கறுத்துப்போன சினைப்பைகூடப் பெரும்பாலும் தேறிவிடுகிறது. தயங்குகிற நேரம்தான் அதற்குக் கேடு.

தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்குகிற வலி குடல்வாலாக இருக்கலாம். விலாவுக்குப் பின்னாலிருந்து அடித்தொடை வரை ஓடி, புரண்டு புரண்டு படுக்க வைப்பது சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். காய்ச்சலும் கெட்ட வாடையுள்ள வெள்ளைப்படுதலும் சேர்ந்து வந்தால் உள்ளே கிருமித்தொற்று. அதற்குத் தாமதமின்றி மருந்து வேண்டும்.

வலியோடு மயக்கம், அடங்காத வாந்தி, காய்ச்சல், கல்லாக இறுகிய வயிறு, கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம், இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். தாளவாடியில் இருப்பவர் சத்தியமங்கலம் வந்து சேர, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கியாக வேண்டும். அங்கெல்லாம் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. இப்படிப்பட்ட வலிக்கு, குடல் விழுந்துவிட்டது என்று விளக்கெண்ணெய் தடவி வயிற்றை அழுத்தி வழித்துவிடுவதும், பேதிக்குக் கொடுப்பதும் வேண்டாம். பாட்டிமார்களை மதித்துத்தான் சொல்கிறேன். வீங்கிய குடல்வால் உடைந்துவிடும்.

சரி. ஆபத்து எதுவும் இல்லையென்று உறுதியாகிவிட்டது. ஸ்கேனும் நன்றாக இருக்கிறது. அப்புறம்?

ஸ்கேனில் தெரிவது உறுப்புகளின் வடிவம். தசை இறுகியிருப்பதும் நரம்பு நசுங்கியிருப்பதும் அதில் தெரியாது. எண்டோமெட்ரியோசிஸ் என்கிற நோயும் பல நேரங்களில் தெரியாது. கர்ப்பப்பையின் உள்வரியைப் போன்ற திசு வெளியே சினைப்பையிலும் குடல் மேலும் படிந்து வலியை உண்டாக்குகிற நோய் அது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, உலகம் முழுவதும் 19 கோடிப் பேருக்கு, அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோய் இன்னதென்று தெரியவே பலருக்கு வருடக்கணக்கில் ஆகிறது. அத்தனை வருடமும் அந்தப் பெண் வீட்டில் கேட்டிருக்கக்கூடிய பேச்சை நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. வேலைக்குச் சோம்பல்பட்டு வயிற்றுவலி என்கிறாள் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால், அவள் அடுத்த தடவை வலியைச் சொல்லவே மாட்டாள். அப்படி மறைத்த வலி முற்றிய நிலையில்தான் எங்களிடம் வந்து சேர்கிறது.

மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால், ஒரு மாதம் இடப்பக்கம், ஒரு மாதம் வலப்பக்கம் என்று சில மணி நேரம் வலித்தால், அது சினைமுட்டை வெளியேறும் வலியாக இருக்கும், பயப்பட வேண்டாம். தூக்கத்தில் ஆசனவாய்க்கு உள்ளே சில நொடி, சில நிமிடம் உயிர்போகப் பிடித்துவிட்டு, சுவடே இல்லாமல் மறைவதும் ஒன்று உண்டு. அதுவும் கெடுதல் செய்யாது. வெட்கத்தால் யாரிடமும் சொல்லாமல், புற்றுநோயோ என்று பயந்து கிடப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

விளக்கம் கிடைக்காத பல வலிகளுக்கு நான் காரணம் கண்டது தசையில். முன்னால் இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தசைகள் விரிந்து, சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குகின்றன. கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்வதைப் போலவே அவையும் பிடித்துக்கொள்ளும். இடம் உள்ளே இருப்பதால் கர்ப்பப்பையில் வலிக்கிறது என்றே தோன்றும். வயிற்றுச் சுவரில் வலியா, உள்ளே வலியா என்று பார்க்க எளிய பரிசோதனை ஒன்று இருக்கிறது. மல்லாந்து படுத்திருக்கும் பெண்ணிடம், வலிக்கிற இடத்தை ஒரே விரலால் காட்டச் சொல்வேன். அந்த இடத்தில் என் விரலை வைத்து அழுத்தியபடி, தலையையும் தோளையும் கொஞ்சம் தூக்கச் சொல்வேன். வயிற்றுத் தசை இறுகும்போது வலி கூடினால், பெரும்பாலும் சுவரிலேயே, ஒரு நரம்பிலோ தசையிலோ, சிக்கல். அங்கே ஓர் ஊசி போட்டவுடன் வருடக்கணக்கான வலி அடங்கி, எழுந்து உட்கார்ந்து வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் சகோதரிகளிடம் தனியாக ஒரு வார்த்தை. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தே இருப்பவரும், செக்கிங் மேசையில் நின்றே இருப்பவரும், கழிப்பறைக்குப் போக வேண்டிவருமே என்று தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கி வைக்கிறார்கள். இதனால் தொற்றும் வருகிறது, தசையும் இறுகுகிறது. வலி என்றால் ஒரு மாத்திரை கையில் கொடுக்கப்படுகிறது. தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் சுமார் 100 பெண்களிடம் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை பேசி 2019-இல் வெளியிட்ட செய்தியில், பெயர் அச்சிடாத மாத்திரைகள் தங்களுக்குத் தரப்பட்டதாக அவர்கள் சொல்லியிருந்தார்கள். பெயர் தெரியாத மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். அட்டையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஐபுபுரோஃபென், மெஃபனாமிக் அமிலம் போன்றவை நல்ல மருந்துகள்தான். ஆனால் சாப்பிட்ட பிறகே போட வேண்டும். குடற்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பமாக இருக்கக்கூடியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

வலி பிடிக்கிற அந்த நிமிடத்தில் என்ன செய்வது? பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்தால் தசை இன்னும் இறுகும். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மார்போடு சேர்த்து, வயிறு உப்பும்படி மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விடுங்கள். துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பையைப் பத்து, பதினைந்து நிமிடம் வையுங்கள். பையை வைத்துக்கொண்டே தூங்கிவிடாதீர்கள், தோல் வெந்துவிடும். பிரசவத்துக்குப் பின் சொல்லித்தந்த தசை இறுக்கும் பயிற்சியை இந்த வலிக்குச் செய்ய வேண்டாம். இறுகிய தசைக்குத் தளர்த்தும் பயிற்சிதான் வேண்டும். அதைக் கற்றுத்தரும் இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் போங்கள். மலச்சிக்கலையும் கவனியுங்கள். பலருக்கு அது சரியானாலே பாதி வலி போய்விடுகிறது.

வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் பால் கணக்கு எழுதுகிறோமே, அதே தாளில் வலி வந்த நாளையும் எழுதுங்கள். எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், மாதவிலக்கான எத்தனையாவது நாள், சாப்பிட்ட பிறகா, சிறுநீர் கழிக்கும்போதா, தாம்பத்திய உறவின்போதா. மூன்று மாதத்துத் தாளைக் கிழித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தால், பல நேரம் ஸ்கேன் சொல்லாததை அது சொல்லிவிடும். கூட வரும் மாமியாரோ கணவரோ நல்லவர்கள்தான். ஆனாலும் கொஞ்ச நேரம் வெளியே இருங்கள் என்று மருத்துவர் சொன்னால் இருக்க வேண்டும். மணமாகாத பிள்ளையாக இருந்தால் அது இன்னும் அவசியம். அம்மா எதிரில் அவளால் சொல்ல முடியாத ஒன்று, அவள் உயிரைக் காக்கிற தகவலாக இருக்கலாம்.

வலி தாளாமல், "கர்ப்பப்பையை எடுத்துவிடுங்கள், நிம்மதியாக இருப்பேன்" என்று கேட்கிறவர்கள் இங்கே நிறைய. சில நோய்களுக்கு அது சரியான சிகிச்சை. தசையிலும் நரம்பிலும் உள்ள வலி, கர்ப்பப்பையை எடுத்த பிறகும் அப்படியே இருக்கும். சினைப்பைகளையும் சேர்த்துச் சின்ன வயதில் எடுத்துவிட்டால் எலும்பு தேய்வது வேறு சேர்ந்துகொள்ளும். ஆகவே கையெழுத்துப் போடுமுன், "என் வலி கர்ப்பப்பையிலிருந்துதான் வருகிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? சினைப்பைகளை விட்டுவைப்பீர்களா?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால், ரிப்போர்ட்டுகளையும் அந்த நாட்காட்டித் தாள்களையும் எடுத்துக்கொண்டு வேறொரு மருத்துவரிடமும் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் கோவையில், பெருந்துறையில், திருப்பூரில், கரூரில், நாமக்கல்லில், சேலத்தில் இருக்கின்றன. எந்தப் பிரிவுக்குப் போவது என்று தெரியாவிட்டால் அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-ஐ அழைத்துக் கேட்கலாம். வணக்கம்.