செல்போன் தேவையா, ஆசையா?

நேயர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகள் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான். ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா இருக்கத் தெரியவில்லை. மும்பையின் தாராவியில் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில், வாரத்துக்கு ஒருநாள் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன்.

போன ஆண்டு ஒரு நிறுவனத்திலிருந்து நிதிக் கல்வி நடத்த வந்தார்கள். ஒரே நிறத்தில் டி-ஷர்ட் அணிந்த இளைஞர்கள், நல்ல பிள்ளைகள்தான். படம் போட்ட தாளைக் கொடுத்து, எது தேவை, எது ஆசை என்று பிரிக்கச் சொன்னார்கள். அரிசி, குடை, சாக்லேட், செல்போன். ஒரு பையன் செல்போனைத் தேவையில் சேர்த்திருந்தான். சிவப்பு மையில் தப்புப் போட்டுவிட்டார்கள். அப்போது அவன் வாயே திறக்கவில்லை. மணி அடித்தபின் என்னிடம் வந்து, "டீச்சர், நாளைக்கு எத்தனை இட்லி என்று கடைக்காரர் அப்பாவுக்குப் போனில்தானே சொல்கிறார்?" என்றான். விடியுமுன் சைக்கிளில் அண்டாவைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவரின் மகன். தப்பு யாருடையது?

இந்தப் பிள்ளைகளுக்குப் பணம் புதிதல்ல. ஒருநாள் ஏலச்சீட்டைப் பற்றிக் கேட்டேன். இருபது பேர், ஆளுக்கு 500 ரூபாய், மொத்தம் 10,000. ஒருவர் 2,000-ஐத் தள்ளி 8,000-க்கு எடுத்தால், அந்த 2,000 இருபது பேருக்கும் பிரியும். மற்றவர்களுக்கு என்ன லாபம்? சீட்டுப் பிடிப்பவரின் கமிஷனை விட்டுவிட்டோம். அது பெரிய வகுப்புக்கான கணக்கு! நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் ஒரு சிறுமி, "அந்த மாதம் 400 கட்டினால் போதும்" என்றாள். "அவசரம் உள்ளவர்கள்தான் முதலில் எடுப்பார்கள். எங்கள் அம்மா கடைசி வரை எடுக்க மாட்டாள்." வட்டி என்ற சொல்லை நான் இன்னும் சொல்லித் தரவே இல்லை.

நிறுவனங்கள் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அதில் அடக்கம். தங்கள் சரக்குக்கு விளம்பரம் தேடிச் செய்யும் ஸ்பான்சர் செலவு அந்தக் கணக்கில் சேராது என்றும் விதி இருக்கிறது. பயிற்சித் தாளின் தலையில் லோகோவைப் பெரிதாக அச்சிடுகிறவர்கள் அதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

10 வயது நிறைந்த பிள்ளை தானே சேமிப்புக் கணக்குத் தொடங்கி நடத்த, ரிசர்வ் வங்கி 2014-லேயே வழிவிட்டது. அப்படியானால் எட்டு, ஒன்பது வயதில் சொல்லித் தருவது ரொம்பச் சீக்கிரம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருமணி நேரம் வந்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு போனால் என்ன நிற்கும்? அந்தப் பணத்தில் வகுப்பாசிரியருக்குப் பயிற்சி கொடுங்கள். தமிழில் பாடநூல் அச்சிடுங்கள். இந்தியிலிருந்து பெயர்த்த தாளில் 'முதலீடு' என்ற சொல்லைப் பார்த்துப் பிள்ளைகள் விழிக்கிறார்கள். சேர்ந்தாற்போல் ஒரு வருடம் வாருங்கள்.

தூரமும் ஒன்றுமில்லை. மித்தி ஆற்றுக்கு இக்கரையில் தாராவி. அக்கரையில் பாந்த்ரா-குர்லா வளாகம். பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபியின் தலைமையகமும் தேசியப் பங்குச் சந்தையும் அங்கேதான். நாட்டின் பணம் புரளும் இடம், எங்கள் பிள்ளைகளுக்குக் கூப்பிடு தூரம்.

அந்த நிறுவனத்துக்கு இதையெல்லாம் கடிதமாக எழுதினேன். கோபித்துக்கொள்வார்கள் என்றுதான் நினைத்தேன். மறுபடியும் வருகிறோம் என்று பதில் வந்திருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை சீட்டுக் கணக்கைச் சொல்லப்போவது அந்தச் சிறுமியின் அம்மா. டி-ஷர்ட் பிள்ளைகளுக்குப் பின் பெஞ்சில் இடம் போட்டிருக்கிறோம்.

வணக்கம்.