பேர் என்ன அண்ணாச்சி?

நடுவர் ஐயா அவர்களே, சபையாரே, எதிரணிச் சகோதரர்களே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம். பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். வணக்கத்துக்கு இது போதும்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். 'கடவுளிடம் நம்மை அதிகம் நெருங்க வைப்பது அறைக்குள் முழங்காலா, ஒதுக்கப்பட்டவரிடம் நீளும் கையா?' நான் கையின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரர் எங்கள் அணிக்கு ஒரு பேர் வைத்துவிட்டுப் போனார். 'மார்த்தாள் கட்சி' என்றார். வீட்டுக்கு வந்த இயேசுவின் காலடியில் மரியாள் உட்கார்ந்து வசனம் கேட்க, அவள் சகோதரி மார்த்தாள் வேலையில் தடுமாறினாளே, அந்தக் கதை. மரியாளுக்கு ஆண்டவர் காலடி, மார்த்தாளுக்குக் கடைசிவரை அடுப்பங்கரை என்றார். நீங்களும் நன்றாகக் கைதட்டினீர்கள். தட்டுங்கள், அந்தக் கை எனக்குப் பிறகு தேவைப்படும். மார்த்தாளை நான் விட்டுவிட மாட்டேன். அதற்கு முன்னால் உங்களை ஓர் அசனத்துக்கு, எங்கள் கோயில் விருந்துக்கு, கூட்டிக்கொண்டு போகிறேன்.

எங்கள் ஊர் தேரிக்காட்டு ஓரம். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, செம்மண்ணும் பனையும்தான். கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை என்றால் மறுநாள் அசனம். ஊரே ஒரே பந்தியில் உட்காரும். பெரிய அண்டாவில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கிற வாசனை கோயில் மணிக்கும் முன்னால் எழுப்பிவிடும். எனக்கு அப்போது பத்து வயது. பந்தியில் என் வேலை செம்பில் தண்ணீர் ஊற்றுவது.

கோயில் காம்பவுண்டுக்கு வெளியே ஒரு வேப்பமரம். ஆராதனை நடக்கும்போதெல்லாம் அதன் அடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். தொழுநோய் வந்து, மாத்திரை சாப்பிட்டு, தீர்ந்து, வருஷக்கணக்கு ஆகியிருந்தது. நோய் போய்விடும், போன விரல் திரும்பி வராது. வலது கையில் ஒன்றும் இல்லை, இடது கையில் கட்டைவிரலில் பாதி. பாட்டு, பிரசங்கம் எல்லாம் ஜன்னல் வழியாகக் கேட்பார். எங்களுக்கு அவர் 'வேப்பமரத்துக்காரர்'. அசனத்தன்று கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை ஒரு தூக்குவாளியில் சோறும் குழம்பும் கொண்டுபோய் வெளியே வைத்துவிட்டு வருவார். அதுவே பெரிய கருணை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சோறு கொடுக்கிறோமே!

அந்த வருஷம் என் ஆச்சி பந்தியில் உட்காரப் போனவள் உட்காரவில்லை. நேராக வாசலைத் தாண்டிப் போனாள்.

"அண்ணாச்சி, வாரும். பந்தி ஆரம்பிச்சிட்டு."

"வேண்டாந்தாயி, இங்கன கொண்டாந்து தருவாவ."

"தருவாவ. அண்ணன் வாசல்ல உக்காந்து தின்னா தங்கச்சிக்குச் சோறு எறங்குமா? எந்திரியும்."

கையைப் பிடித்து எழுப்பினாள், சபையாரே. அந்த விரல் இல்லாத கையை. பிடித்தபடியே பந்திக்குள் கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டாம் வரிசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். இலை போட்டாயிற்று, சோறு இன்னும் வரவில்லை. அந்த நேரத்தில்தான் நடந்தது. பக்கத்தில் இருந்தவர் தன் இலையை மெதுவாகத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். அவருக்கு அடுத்தவர் நகர்ந்தார். அதற்கடுத்த வீட்டம்மாள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்தாள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் ஆறு இலை இடம் காலி, இந்தப் பக்கம் ஆறு இலை இடம் காலி. நடுவில் இரண்டே இலை.

சோற்று வாளியோடு வந்த அண்ணன் எட்ட நின்று, கரண்டியை உயரத்தில் பிடித்துச் சரித்தான். பாதிச் சோறு இலையில், பாதி பாயில். ஆச்சி நிமிர்ந்து பார்த்தாள். "ஏல, குனிஞ்சு வையில. மாட்டுக்கா போடுத?" குனிந்தான். வைத்தான்.

குழம்பை ஊற்றியாயிற்று. எப்படிப் பிசைவார்? உள்ளங்கையை வைத்துத் தள்ளுகிறார், குழம்பு மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடுகிறது. ஆச்சி தன் இலையை விட்டுவிட்டாள். அவர் இலையில் கையை வைத்தாள். பிசைந்தாள். எலுமிச்சம்பழ அளவுக்கு உருண்டை பிடித்து இலையின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். அவர் இரண்டு கையையும் சேர்த்து ஒவ்வொன்றாக எடுத்து வாயில் வைத்தார். சாப்பிடும்போதுதான் கேட்டாள்:

"பேர் என்ன அண்ணாச்சி?"

அந்தக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். திரும்பி வருவேன்.

அந்தக் காலி இடத்தைப் பார்த்துவிட்டு முதலில் எழுந்து வந்தது எங்கள் ஐயரம்மா, சபைப் போதகரான ஐயரின் மனைவி. இலையைப் பெரியவரின் அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தார். பிறகு பாடகர் குழுப் பையன்கள் இரண்டு பேர். பன்னிரண்டு இடமும் நிரம்பவில்லை, பொய் சொல்ல மாட்டேன். மூன்று இடம் நிரம்பியது.

எனக்கு என்ன ஆயிற்று? தண்ணீர் ஊற்றப் போனேன். தம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்து நீட்டினார். அவர் கை என் கையில் பட்டது. ஓடினேன். குழாயடியில் மூன்று தடவை கழுவினேன். திரும்பினால் ஆச்சி நிற்கிறாள். திட்டுவாள் என்று நினைத்தேன். என் கையைத் தன் முந்தானையால் துடைத்தாள். "கழுவியாச்சா? நல்லது. சுத்தமான கையால அவருக்கு இன்னொரு தம்ளர் ஊத்திட்டு வா."

இப்போது மார்த்தாளுக்கு வருகிறேன்.

சகோதரரே, லூக்கா 10-ஆம் அதிகாரத்தை நீங்கள் 38-ஆம் வசனத்திலிருந்து வாசித்தீர்கள். அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே என்ன இருக்கிறது? நல்ல சமாரியன்! வழியில் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியன் பார்த்து விலகிப் போனான், லேவியன் பார்த்து விலகிப் போனான். இரண்டு பேரும் ஆலயத்து ஆட்கள், ஜெபம் தெரிந்தவர்கள். யூதர் ஒதுக்கிவைத்த சமாரியன்தான் கிட்ட வந்தான். அந்தக் கதையை முடித்து, 'நீயும் போய் அந்தப்படியே செய்' என்று சொல்லிவிட்டுத்தான் ஆண்டவர் மார்த்தாள் வீட்டுக்குள் நுழைகிறார். அவளைக் கண்டித்தது உண்மை. எதற்கு? பல காரியங்களைக் குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்றார். கலக்கத்தைத்தான் கண்டித்தார். சமையலை அல்ல, சமைத்ததை அவரும்தானே சாப்பிட்டார்!

கடைசிவரை அடுப்பங்கரை என்றீர்களே? யோவான் 11-க்கு வாருங்கள். அவர்கள் சகோதரன் லாசரு செத்து நாலு நாள். இயேசு வருகிறார் என்ற செய்தி வந்ததும் ஊருக்கு வெளியே எதிர்கொண்டு போனது யார்? மார்த்தாள். 'மரியாளோ வீட்டிலே உட்கார்ந்திருந்தாள்.' நான் சொல்லவில்லை, வசனம் சொல்கிறது. 'நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று விசுவாசிக்கிறேன்' என்று அறிக்கையிட்டதும் மார்த்தாள்தான். அடுத்த அதிகாரத்தில் இராவிருந்து நடக்கிறது. அங்கேயும் 'மார்த்தாள் பணிவிடை செய்தாள்'. இந்தத் தடவை கண்டிப்பு இல்லை.

இதெல்லாம் எந்த ஊர்? பெத்தானியா. அதே ஊரில் இன்னொரு வீடு இருக்கிறது. மாற்கு 14-ஐத் திறந்தால், சிலுவைக்குப் போகிற அந்தக் கடைசி நாட்களில் இயேசு பெத்தானியாவில் பந்தியிருந்தது 'குஷ்டரோகியாயிருந்த சீமோன் வீட்டிலே'. மகிமையான எருசலேம் ஆலயம் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. அவர் இலை போட்டு உட்கார்ந்தது சீமோன் வீட்டில். சகோதரரே, நீங்கள் பழித்த மார்த்தாளின் ஊர் அது!

நடுவர் ஐயா மணியைப் பார்க்கிறார். இரண்டு நிமிஷம், ஐயா.

எதிரணி சொன்ன ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். மாற்கு முதலாம் அதிகாரத்தில் இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரத்துக்குப் போய் ஜெபித்தார். சரி. ஐந்து வசனம் தள்ளி யார் வருகிறான்? ஒரு குஷ்டரோகி. மோசேயின் நியாயப்பிரமாணம் அவனுக்கு என்ன சொல்லியிருந்தது? வஸ்திரம் கிழிந்தவனாக, 'தீட்டு, தீட்டு' என்று சத்தமிட்டுக்கொண்டு பாளயத்துக்குப் புறம்பே குடியிருக்க வேண்டும். அவனை ஒரு வார்த்தையால் குணமாக்கியிருக்கலாம். பத்து பேரை எட்ட நிற்க வைத்தே குணமாக்கியதும் வேதத்தில் இருக்கிறது. ஆனால் இவனிடம், 'இயேசு மனதுருகி, கையை நீட்டி, அவனைத் தொட்டு' என்று எழுதியிருக்கிறது. அதன் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். அவன் ஊருக்குள் போனான். இயேசுவோ வெளியரங்கமாய்ப் பட்டணத்துக்குள் போகமுடியாமல் வெளியே வனாந்தரமான இடங்களில் தங்கினார். இடத்தை மாற்றிக்கொண்டார்கள், சபையாரே! எபிரெயர் நிருபம் 'பாளயத்துக்குப் புறம்பே அவரிடத்திற்குப் புறப்பட்டுப்போகக்கடவோம்' என்கிறது. அவரிடத்திற்கு! வேப்பமரத்தடிக்கு!

நம் மண்ணில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1914-ல் மிஷனரிப் பெற்றோருக்கு ஒரு பிள்ளை பிறந்தது, பால் பிராண்ட். வளர்ந்தது கொல்லிமலையில். அப்பா மலையிலேயே காய்ச்சலில் செத்தார். பிள்ளை டாக்டராகி 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த வருஷம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்கப் போனார். ஒரு நோயாளி மடங்கிப்போன விரல்களோடு செருப்பைக் கழற்றத் திண்டாடுகிறார். பிராண்ட் என்ன செய்தார்? தன் கையை அந்தக் கைக்குள் கொடுத்தார். அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடித்தார் பாருங்கள், டாக்டருக்கு வலி தாங்கவில்லை! அந்த வலியில்தான் ஒரு பெரிய உண்மை பிடிபட்டது. கை சாகவில்லை, உள்ளே நல்ல தசை இருக்கிறது, தசைநாரை மாற்றிக் கட்டினால் விரல் நிமிரும். அடுத்த வருஷமே அறுவை சிகிச்சை தொடங்கியது. பின்னால் வேலூர்ப் பக்கத்துக் கரிகிரியில் ஆராய்ச்சியே நடந்தது. எட்ட நின்று குறிப்பு எழுதியிருந்தால் இது தெரிந்திருக்குமா? கையைக் கொடுத்ததால் தெரிந்தது.

நாம் என்ன செய்தோம்? 'சுகத்திலும் வியாதியிலும்' என்று பலிபீடத்தின் முன்னால் வாக்குக் கொடுக்கிறோம். 2019 வரை கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்தில் தொழுநோயும் ஒரு காரணமாக எழுதியிருந்தது. எத்தனை ஆராதனையில் அதைப் பற்றி முழங்காலிட்டோம்? சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிற ஊர்கள் இன்றும் உண்டே, அங்கே ஜெபக்கூட்டம் நடக்கவில்லையா? நடக்கிறது. சுவர் அப்படியே நிற்கிறது. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க மாட்டேன்.

இப்போது ஆச்சியின் கேள்விக்கு வருகிறேன். பேர் என்ன அண்ணாச்சி?

ஆச்சி ஜெபிக்காதவள் இல்லை. விடிகாலை நாலு மணிக்குப் பாயைச் சுருட்டிவைத்துவிட்டு முழங்காலில் நிற்பாள். பேர் பேராகச் சொல்லி ஜெபிப்பாள். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பம்பாய்க்குப் போனவன், பிரசவத்துக்கு வந்தவள், ஐயர், கோயில்பிள்ளை, பால்காரன். நான் போர்வைக்குள் படுத்துக்கொண்டு என் பேர் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அசனத்துக்கு மறுநாள் விடிகாலையில் அந்த வரிசையில் ஒரு புதுப் பேர் வந்தது. பல வருஷமாக ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த மனுஷனின் பேர். அதுவரை அவள் ஜெபத்தில் அவர் இல்லை. எப்படி இருப்பார்? பேரே தெரியாதே! பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து கொடுத்த பிறகுதானே பேர் வந்தது? அந்தக் கை போகாத இடத்துக்கு அந்த ஜெபமும் போகவில்லை, நடுவர் ஐயா.

இனி வாதம் இல்லை. இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஆச்சி செத்துப்போனாள். மழை நாள். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் குழிக்குள் இறக்கியாயிற்று. ஐயர், 'மண்ணுக்கு மண்' என்று சொல்ல, ஆளுக்கொரு பிடி மண் போடுகிறோம். அப்பா போட்டுவிட்டு நிமிர்ந்தவர் கேட்டுப் பக்கம் பார்த்தார். கேட்டுக்கு வெளியே, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, அவர் நின்றார். உள்ளே வரவில்லை. அவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறவள் குழிக்குள் இருந்தாள்.

அப்பா எழுந்து போனார். கூட்டமே பார்த்தது. ஆச்சி கேட்டுத் தெரிந்துகொண்ட அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். "மாமா, வாங்க. உங்க தங்கச்சிக்கு மண்ணு போடுங்க."

வந்தார். குனிந்தார். ஈர மண்ணை அள்ளப் பார்த்தார். இரண்டு கையையும் சேர்த்து அள்ளுகிறார், விரல் இல்லாத கையில் மண் நிற்கவில்லை. வழுகி வழுகி விழுகிறது. மூன்று தடவை அள்ளினார். மூன்று தடவையும் விழுந்தது. அழுதுவிட்டார். அப்பா பக்கத்தில் முழங்கால் போட்டார். தன் இரண்டு கையையும் அவர் கைக்குக் கீழே ஏந்தினார். நான் மண்ணை அள்ளி அந்த நாலு கைக்குள்ளும் வைத்தேன்.

அன்றைக்கு நான் கை கழுவவில்லை.