அடுக்களைக்குப் பூட்டு வேண்டாம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நோயுற்ற குழந்தைகளின் குடும்பங்கள் இலவசமாகத் தங்கும் இல்லங்களில் தன்னார்வலராக இருப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் சமையலறையைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். என்னைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரித்திருப்பார்கள்.

பெரிய மருத்துவமனை எதன் வாசலிலும் பாயும் கட்டைப்பையுமாக ஒரு குடும்பம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இடமில்லாமல் அல்ல. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் வகைக்கு இரண்டு, மூன்று வருடம் மருத்துவம் உண்டு. முழுக்க முடித்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அவ்வளவு நாளும் வார்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஊசி போட்டுவிட்டு, "வியாழக்கிழமை வாங்க" என்பார்கள். ஊர் எட்டு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறது. மருந்துக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. லாட்ஜுக்கு எந்த அட்டை? கீமோ, அதாவது புற்றுநோய்க்கான மருந்து, ஏறும்போது கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறையும். "கவுண்ட் இறங்கிடுச்சு" என்பார்கள் அம்மாக்கள். அந்த நேரத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் கிருமிக்கான மருந்து ஏறியாக வேண்டும். ஊரிலிருந்து கிளம்பி வந்து சேர முடியுமா? மருத்துவத்தைப் பாதியில் விட்டுப் போகிறவர்களில் பலர் தங்க இடமில்லாமல் போகிறவர்கள். இதை நான் இன்னொரு முறையும் சொல்வேன்.

அமெரிக்காவில், பிலடெல்பியாவில் 1974-இல் இப்படி ஒரு வீடு திறந்தார்கள். பிரெட் ஹில் என்ற அமெரிக்கக் கால்பந்து (நம் கால்பந்து அல்ல) வீரரின் மகளுக்கு ரத்தப் புற்றுநோய். ஆட்ரி எவான்ஸ் என்ற மருத்துவர் இப்படி ஒரு வீடு வேண்டும் என்று நினைத்திருந்தார். இருவரும் சேர்ந்தார்கள், மெக்டொனால்ட்ஸ் பணம் திரட்டிக் கொடுத்தது. அதுதான் முதல் ரொனால்டு மெக்டொனால்டு இல்லம். நம் நாட்டில் செயின்ட் ஜூட் அமைப்பு இப்படிப்பட்ட இல்லத்தை 2006-இல் மும்பையில் தொடங்கியது, இன்று சென்னை, வேலூரிலும் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி இடம். சமையலறை பொது, அடுப்பு மட்டும் அவரவருக்கு.

சரி, அடுப்புக்கு வந்துவிட்டோம். சிகிச்சையின் முதல் மாதம் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். முகம் உப்பும், கோபம் வரும், பசி வரும் பாருங்கள், அப்படி ஒரு பசி! நான் போய்வரும் இல்லத்தில் திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன் ஒருவன், ஆறு வயது. ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுந்து, "வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், இப்பவே" என்று கேட்பான். காலையில் மிஞ்சியதைக் கொடுக்கக் கூடாது, கிருமி பயம். புதிதாகத்தான் சமைக்க வேண்டும். அவன் அம்மா கிழங்கை எடுத்தால், முர்ஷிதாபாத்திலிருந்து வந்த இன்னொரு அம்மா தானாக எழுந்து வந்து தோல் சீவுவார். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு வங்காளம் தெரியாது. ஒருநாள் வறுவலைக் கடுகெண்ணெயில் போட்டுவிட்டார்கள். எனக்கு அந்த வாசனை ஆகாது, பையன் தட்டை வழித்துத் தின்றான்! அப்புறம் அதுதான் வேண்டும் என்று அடம்.

இங்கேதான் என் சண்டை. கேஸ் அடுப்பு ஆபத்து, ஒன்பது மணிக்குச் சமையலறையைப் பூட்டிவிடலாம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் யாராவது சொல்வார்கள். பயம் நியாயம்தான். அதற்காக ராத்திரியில் சிலிண்டரை மூடிவிட்டு, ஒரு மூலையில் மின்னடுப்பு வையுங்கள், கதவைப் பூட்டாதீர்கள். வார்டில் எது எப்போது என்று மற்றவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். பிள்ளைக்கு எப்போது என்ன சமைப்பது என்பதாவது அந்த அம்மாவின் கையில் இருக்கட்டும். பூட்டாதீர்கள், அவ்வளவுதான்.

நீங்கள் வர நினைத்தால் சில விஷயங்கள். லேசான இருமல் இருந்தாலும் அன்று வராதீர்கள். பிறந்தநாள் என்று கடை இனிப்போ வெட்டிய பழமோ கொண்டுவராதீர்கள்; படம் எடுக்காதீர்கள்; "எந்த ஸ்டேஜ்?" என்று கேட்காதீர்கள். பெரிய வேலை ஒன்றுமில்லை. மாதம் ஒரு நாள் கூட்டமாக வருவதைவிட, வாரத்தில் ஒரே கிழமை ஒரே ஆள் வருவது நல்லது. "இன்னிக்குப் பாட்டி வர்ற நாள்" என்று பிள்ளைகள் கணக்கு வைத்திருக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். ஊரில் பாட்டியிடம் விட்டுவந்த அண்ணன் தங்கைகளைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தேன். கோடை விடுமுறையில் அவர்களையும் தங்க அனுமதியுங்கள் என்று மட்டும் இல்லங்களை நடத்துபவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இன்னொன்று, சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளுக்கு அடிக்கடி ரத்தத் தட்டணுக்கள், அதாவது ரத்தம் உறைய உதவும் அணுக்கள், தேவைப்படும். ரத்த வங்கியில் அதை ஐந்து நாளைக்கு மேல் வைத்திருப்பது கஷ்டம். அதனால் பக்கத்து ரத்த வங்கியில் உங்கள் பெயரைக் கொடுத்து வையுங்கள். நன்றி, வணக்கம்.