பழைய கணினிகளும் அவற்றின் வட்டுகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

1980களில் நெதர்லாந்தின் என்.ஓ.எஸ். வானொலி, ஹாபிஸ்கூப் என்ற நிகழ்ச்சியில் கணினி நிரல்களை ஒலியாகவே ஒலிபரப்பி வந்தது. காதுக்கு அது வெறும் கிறீச்சொலிதான். ஆனால் அதைக் கேசட்டில் பதிவு செய்து வீட்டுக் கணினியோடு இணைத்து ஓடவிட்டால், அந்த ஒலியிலிருந்த நிரல் கணினியின் நினைவகத்தில் ஏறிவிடும். பேசிகோட் என்று பெயர் பெற்ற அந்த முறையில், 1,200 ஹெர்ட்ஸ் அலை ஒன்று வந்தால் சுழியம். 2,400 ஹெர்ட்ஸ் அலை இரண்டு வந்தால் ஒன்று. அன்றைய கேசட் ஒன்று இன்று கைக்குக் கிடைத்தால், முதலில் அதைத் தரமான ஒலிக்கோப்பாகப் பதிவு செய்துகொண்டு, அதிலிருந்து நிரலை வெளிக்கொணரும் வேலையை நாளைக்கோ பத்து ஆண்டுகள் கழித்தோ செய்துகொள்ளலாம். நாடா பதிந்துவைத்திருந்த சமிக்ஞை முழுவதும் நம்மிடம் வந்துவிட்டதே இதற்குக் காரணம். பழைய கணினிகளைக் காப்பாற்ற நினைப்பவர்கள் எல்லாவகைச் சேமிப்பு ஊடகங்களிலும் இதே வழியைப் பின்பற்ற வேண்டும் என்பதே இந்த உரையில் நான் சொல்ல விரும்புவது.

மறைந்துபோன கணினி ஒன்றின் சிப்புகள் எப்படி இயங்கினவோ அப்படியே இன்றைய கணினிக்குள் இயங்கிக் காட்டும் மென்பொருளை எமுலேட்டர் என்கிறோம். 1982இல் வெளிவந்த கமோடோர் 64 கணினிக்கு வைஸ் என்ற எமுலேட்டர் இருக்கிறது. அது இலவசமாகக் கிடைக்கிறது. பல ஆண்டுகளாக ஆர்வலர்களால் செம்மைப்படுத்தப்பட்டு வருகிறது. கணினியின் மூளையான பிராசசரை இப்படிப் போன்மை செய்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையான சிக்கல் வட்டில் இருக்கிறது.

கமோடோரின் 1541 ஃபிளாப்பி டிரைவைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். அது கணினியோடு கம்பியால் இணைந்த தனிப் பெட்டி. அதற்குள் ஒரு மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 6502 பிராசசரும், இரண்டு கிலோபைட் நினைவகமும், மாறாத நிரல் பதிந்த, தனக்கே உரிய 16 கிலோபைட் ரோமும் இருந்தன. அதாவது, அந்தப் பெட்டியே இரண்டாவது கணினி. வட்டில் வளையம் வளையமாக அமைந்த 35 தடங்களில், சுற்றளவு அதிகமான வெளித்தடங்களில் 21 செக்டார்கள் என்னும் துண்டுகளாகவும், உள்ளே செல்லச் செல்ல 19, 18, 17 என்று குறைந்த எண்ணிக்கையிலும் தரவு எழுதப்பட்டது. கூட்டினால் 683 செக்டார்கள், செக்டாருக்கு 256 பைட்டுகள். கணினிக்கும் டிரைவுக்கும் இடையிலான இணைப்பு மிக மெதுவானது என்பதால், விளையாட்டு நிரல்களை எழுதியவர்கள் டிரைவின் இரண்டு கிலோபைட் நினைவகத்துக்குள்ளேயே தங்கள் நிரலின் ஒரு துண்டை அனுப்பி, அந்தப் பிராசசரைத் தங்கள் விருப்பப்படி ஓட்டி, பல மடங்கு வேகத்தில் தரவைப் படித்தார்கள். ஆகவே டிரைவையும் முழுமையாகப் போன்மை செய்யாத எமுலேட்டரில் அந்த விளையாட்டுகள் தொடங்கவே தொடங்கா.

திருட்டு நகலைத் தடுக்க அன்றைய நிறுவனங்கள் கையாண்ட உத்திகள் இதைவிட நுட்பமானவை. இரண்டு தடங்களுக்கு நடுவே உள்ள அரைத் தடத்தில் எழுதினார்கள். தடங்களின் நீளத்தை மாற்றினார்கள். காந்த மாற்றமே இல்லாத வெற்றிடம் ஒன்றை வேண்டுமென்றே விட்டு, ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அந்த இடத்தில் வெவ்வேறு எண்கள் வரும்படி செய்தார்கள். நிரல் அந்த இடத்தை இருமுறை படித்துப் பார்க்கும். இரண்டு முறையும் ஒரே விடை வந்தால், இது நகல் என்று கண்டுகொண்டு நின்றுவிடும். 683 செக்டார்களையும் வரிசையாக எடுத்து வைக்கும் வழக்கமான இமேஜ் கோப்பின் அளவு 1,74,848 பைட்டுகள். அதில் ஒரு பைட்கூடக் குறையாமல் இருந்தாலும் அந்த விளையாட்டு ஓடாது, ஏனென்றால் நிரல் தேடுகிற அந்த இடம் செக்டார்களுக்கு வெளியே இருக்கிறது.

இதற்கு விடையாக வந்தவைதான் கிரையோஃபிளக்ஸ், கீர் ஃபிரேசர் உருவாக்கிய கிரீஸ்வீசில் போன்ற கருவிகள். இவை வட்டில் உள்ள பைட் எது, செக்டார் எது என்று ஆராய்வதில்லை. வட்டு சுழலும்போது அதைப் படிக்கும் ஹெட்டின் கீழ் காந்தத்தின் திசை மாறும் ஒவ்வொரு கணத்தையும், இரண்டு மாற்றங்களுக்கு இடையே கழிந்த நேரத்தையும் மட்டும் குறித்துக்கொள்கின்றன. 1541 வட்டில் ஒரு பிட்டுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் 3.25 முதல் 4 மைக்ரோவிநாடி வரைதான். அதைவிடப் பல மடங்கு நுட்பமாக இக்கருவிகள் அளக்கின்றன. ஒரே தடத்தைப் பல சுற்றுகள் பதிவு செய்வதால், சுற்றுக்குச் சுற்று மாறும் அந்த வெற்றிடமும் தன் இயல்பு கெடாமல் பதிவாகிவிடும்.

1985இல் நியூயார்க்கின் லிங்கன் மையத்தில் அமிகா கணினி அறிமுகமானபோது, ஓவியர் ஆண்டி வார்ஹோல் மேடையிலேயே அதில் படம் வரைந்து காட்டினார். அவர் பயன்படுத்திய ஃபிளாப்பிகள் பிட்ஸ்பர்க்கில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் கிடந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினிக் கழகத்தினர் அவற்றைக் கிரையோஃபிளக்ஸ் கொண்டு பதிவு செய்து, அறியப்படாத கோப்பு வடிவத்தைப் பின்னர் நிதானமாக ஆராய்ந்து, 2014இல் படங்களை மீட்டனர். வட்டைத் தொட்ட வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். வடிவத்தைப் புரிந்துகொள்ளும் வேலைக்கு வட்டு தேவையே இல்லை.

இதே கொள்கை இன்னும் பெரிய அளவில் செயல்படுவதை பிபிசி டோம்ஸ்டே திட்டத்தில் காணலாம். இங்கிலாந்தில் 1086இல் தொகுக்கப்பட்ட டோம்ஸ்டே நிலப்பதிவேட்டின் 900ஆம் ஆண்டை ஒட்டி, பிபிசியும் ஏகோர்ன், பிலிப்ஸ், லாஜிகா நிறுவனங்களும் சேர்ந்து நாட்டின் புதிய பதிவேடு ஒன்றை உருவாக்கின. நான்கு கிலோமீட்டர் நீளமும் மூன்று கிலோமீட்டர் அகலமும் கொண்ட கட்டங்களாக நாட்டைப் பிரித்து, பத்து லட்சத்துக்கும் அதிகமானோர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், தங்கள் ஊரைப் பற்றி எழுதினார்கள், படம் எடுத்து அனுப்பினார்கள். கடையில் ரொட்டி என்ன விலை, மாலையில் பிள்ளைகள் என்ன விளையாடுகிறார்கள் என்பது போன்றவற்றை எழுதிவைக்க வேறு எந்த ஆவணத்தில் இடம் இருக்கிறது? அதனாலேயே இந்தத் தொகுப்பு அழியக் கூடாது என்று நான் கருதுகிறேன்.

1986இல் அது, லேசர் ஒளியால் படிக்கப்படும் இரண்டு லேசர் டிஸ்க்குகளாக வெளிவந்தது. ஒரு பக்கத்தில் 54,000 படச் சட்டங்களுக்கு இடம். அவை தொலைக்காட்சிச் சமிக்ஞையாக, அனலாக் முறையில் பதிந்திருந்தன. எழுத்தும் நிரலும் அதே பக்கத்தில், குறுந்தகட்டில் இசையைப் பதியும் முறையில், 324 மெகாபைட் வரை இடம்பெற்றன. படிப்பதற்குப் பிலிப்ஸின் விபி415 பிளேயரும், ஏகோர்னின் பிபிசி மாஸ்டர் கணினியும் வேண்டும். 1984இல் நம் நாட்டுப் பள்ளிகளுக்குக் கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தின் கீழ் வந்த பிபிசி மைக்ரோவுக்குப் பின் வந்த கணினிதான் இந்த மாஸ்டர். மொத்த விலை ஆயிரக்கணக்கான பவுண்டுகள் என்பதால், எழுதிய பிள்ளைகளின் பள்ளிகளே அதை வாங்க முடியாமல் போனது. பதினைந்து ஆண்டுகளுக்குள் ஓடும் நிலையில் உள்ள பிளேயர்கள் அரிதாகிவிட்டன.

லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் கேமிலியான் திட்டத்தினர் 2002இல் ஒரு எமுலேட்டர் வழியாக இதை மீண்டும் ஓட்டிக் காட்டினார்கள். அரிய சாதனை அது. எனினும் பிளேயரின் மின்சுற்று ஒரு படத்தை எவ்வளவு தெளிவாகத் தருகிறதோ, அவ்வளவுதான் அவ்வழியில் கிடைக்கும். பின்னர் சைமன் இன்ஸ் உருவாக்கிய டோம்ஸ்டே டூப்ளிகேட்டர் வேறு இடத்தில் கை வைத்தது. லேசர் படித்த சமிக்ஞை பிளேயரின் மற்றச் சுற்றுகளுக்குள் நுழையும் முன்பே அதைத் தட்டி எடுத்து, விநாடிக்கு நான்கு கோடி முறை, முறைக்குப் பத்து பிட் வீதம் அளந்து சேமிக்கிறது. 36 நிமிடம் ஓடும் ஒரு பக்கத்துக்கு இது நூறு ஜிகாபைட்டைத் தாண்டும். இவ்வளவு இடம் வீண் என்று சிலர் சொல்கிறார்கள். சாட் பேஜ் தொடங்கிய எல்டி-டீகோட் என்ற மென்பொருள்தான் அந்தச் சமிக்ஞையைப் படமாகவும் தரவாகவும் மாற்றுகிறது. அந்த மென்பொருள் மேம்பட மேம்பட, முன்பு எடுத்த அதே பதிவிலிருந்து மேலும் தெளிவான படம் வருகிறது. மறுபடி வட்டைச் சுழற்ற வேண்டியதில்லை. இதற்கு நூறு ஜிகாபைட் கொடுப்பது எனக்கு மிகையாகத் தோன்றவில்லை.

லேசர் டிஸ்க்கின் அலுமினியப் படலம் காலப்போக்கில் அரித்து, படத்தில் புள்ளிகள் விழும். ஆனால் ஒரே பதிப்பின் இரண்டு வட்டுகள் ஒரே இடத்தில் கெடுவது அரிது. ஆகவே ஒரே வட்டின் பல பிரதிகளைத் தனித்தனியே பதிவு செய்து, சட்டத்துக்குச் சட்டம் பொருத்தி, ஒன்றில் விடுபட்டதை மற்றொன்றிலிருந்து நிரப்புகிறார்கள். செல்லரித்த ஓலைச்சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடத்தை நிறைவு செய்த நம் பதிப்பாசிரியர்களின் உழைப்பை இதோடு ஒப்பிடலாம். சிதைந்த பிரதி என்று ஒன்றைத் தூக்கி எறியக் கூடாது என்பது இங்கும் பொருந்தும்.

பழைய ரோம் நிரல்களுக்கு இன்னும் பதிப்புரிமை நீடிப்பது இந்தப் பணிக்கு ஒரு தடை. அது சட்டம் தீர்க்க வேண்டிய செய்தி.

வீட்டுப் பரணில் ஃபிளாப்பி வைத்திருக்கும் நேயர்கள், ஆவலில் உடனே டிரைவுக்குள் செருகிவிட வேண்டாம். உறையின் திறப்பு வழியே வட்டை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் பூஞ்சை படிந்து, வெளிறிய புள்ளிகள் தென்படலாம். அப்படியே ஓட்டினால் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அந்த வட்டோடு அடுத்த வட்டையும் கீறிவிடும். எழுதும் வசதியையும் முதலில் தடுத்துவிடுங்கள்: ஐந்தேகால் அங்குல வட்டில் ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும், மூன்றரை அங்குல வட்டில் தாழ்ப்பாளை நகர்த்தித் துளையைத் திறந்து விட வேண்டும். இமேஜ் எடுத்த பிறகும் அசல் வட்டை வைத்திருங்கள். எந்தக் கணினியில், எந்த மென்பொருளால் அது எழுதப்பட்டது என்பதை நினைவிருக்கும்போதே ஒரு கோப்பில் எழுதி, வட்டின் மேல் ஒட்டிய சீட்டின் படத்தோடு இமேஜுடன் சேர்த்து வையுங்கள். பின்னாளில் அதைத் திறப்பவர் எந்த எமுலேட்டரைத் தேட வேண்டும் என்பது அதிலிருந்துதான் தெரியும்.