ஏழாவது ஆளாகப் பார்த்தேன், பதினொன்றாம் நாள் போனேன்

வணக்கம் மக்களே! எங்கே நிற்கிறேன் என்று காற்றுச் சத்தமே சொல்லியிருக்கும். பாம்பன் ரோட்டுப் பாலம்தான். மைக்குக்குப் பஞ்சு உறை வாங்கச் சொல்லிப் போன வீடியோவிலேயே திட்டினீர்கள். அந்தக் காசு இன்று சுறாவுக்குப் போய்விட்டது.

தங்கச்சிமடத்தில் என் சித்தி மகளுக்கு ஆண் குழந்தை. ஸ்டேட்டஸில் பிஞ்சு விரலைப் பார்த்த உடனே நான்கு இதயம் தட்டிவிட்டேன். அதோடு மனசு என்னவோ நேரில் போய் வந்த மாதிரி அடங்கிவிட்டது. பாருங்கள், பாலத்தைத் தாண்டினால் அவள் வீடு. ஆனாலும் இன்றைக்குத்தான் கிளம்பினேன்.

வெறுங்கையோடு போக முடியுமா? பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா. கிலோ 650 ரூபாய்! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான் மீன், அவர்கள் சொல்வதுதான் விலை. நானும் விடவில்லை. கூடையைத் தாண்டி நாலு எட்டு நடந்தேன், திரும்பினேன், "பச்சை உடம்புக்காரிக்குக்கா" என்றேன். 600! கொசுறாக ஒரு கை காரல் வேறு. இதற்கு ஒரு லைக் போடலாம், தப்பில்லை.

வேகவைத்து, அந்த மணல் மாதிரித் தோலைச் சுரண்டி, உதிர்த்து, சின்ன வெங்காயம், மிளகு போட்டுப் புட்டு. பூண்டு மட்டும் இரண்டு மடங்கு. தேங்காய் போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். குழந்தையின் அப்பா துபாயில். அங்கே வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், கால் போகாது. காசு கட்டி வேறு ஒரு செயலி வைத்திருக்கிறார் மாப்பிள்ளை. குழந்தை பிறந்து அரை மணி நேரத்தில் அதில்தான் முகம் பார்த்தாராம். நான் உள்ளே நுழையும்போதும் போன் தொட்டில் கம்பியில் சாய்ந்து நிற்கிறது, அந்தப் பக்கம் மனுஷன் கட்டிலில் படுத்தபடி பிள்ளை தூங்குவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. எனக்கே கூச்சமாகி, நின்ற இடத்திலிருந்து நகர்ந்துகொண்டேன்.

அப்புறம் வந்தது பாருங்கள் அடி. தங்கச்சி தன் போனை நீட்டினாள். ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலைப் படம் பிடித்து வைத்திருக்கிறாள்! புதிதாகப் பார்த்தவர்கள் மேலே வருவார்கள் இல்லையா, கீழிருந்து எண்ணிக் காட்டுகிறாள். "ஏழாவதா பாத்திருக்கக்கா. பதினோராம் நாள் வந்திருக்க."

தடைக்காலம், பஸ் இல்லை, வெயில் என்று ஏதேதோ உளறினேன். சித்தி சமையலறையிலிருந்தே, "ஏன், மீனுக்குத்தானே தடை, உனக்குமா?" என்றார். முன்பு அடுத்த தெருவில் குழந்தை பிறந்தால் சேதி தெரிய நேரில் போக வேண்டும். இப்போது சேதி முதலில் வந்துவிடுகிறது, கால் நகர மாட்டேன் என்கிறது. அதற்காக வாட்ஸ்அப்பைத் திட்டவும் மனமில்லை, தொட்டிலில் சாய்ந்திருந்த அந்தப் போனைப் பார்த்த பிறகு.

புட்டைப் படம் எடுத்து அவளும் ஸ்டேட்டஸ் போட்டுவிட்டாள். நான் இதயம் போடவில்லை. தூக்குவாளியை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன், மறந்து இல்லை. வியாழக்கிழமை போய் எடுக்க வேண்டும்.