நற்பெயர் என்னும் கன்னக்கோல்

நண்பர்களே, வணக்கம்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் இங்கே விளக்கை அணைத்துவிட்டு, 1951-இல் வந்த 'தி லாவண்டர் ஹில் மாப்' என்ற பிரிட்டிஷ் படத்தைப் பார்க்கப் போகிறோம். அதற்கு முன்னால், பிரிட்டிஷ்காரர்கள் எடுத்த கொள்ளைப் படங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு இவற்றின் மேல் தீராத பிரியம். கதையைக் கொஞ்சம் சொல்லித்தான் பேச வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கதை தெரிந்து பார்த்தாலும் சுவை குறையாத படங்கள் இவை.

ஹென்றி ஹாலந்து ஒரு வங்கிக் குமாஸ்தா. இருபது வருடமாக அவருக்கு ஒரே வேலைதான். உருக்கி வார்த்த தங்கக் கட்டிகள் வங்கிக்குப் போகும் வேனில் அவரும் காவலாகப் போவார். பின்னால் ஒரு கார் சற்று நேரம் தொடர்ந்து வந்தாலே பதறிவிடுவார். நேர்மையான ஆள், ஆனால் கற்பனையே இல்லாதவர் என்பது மேலதிகாரிகளின் கணிப்பு. மாலையில் ஒரு விடுதி அறைக்குத் திரும்புவார். இருக்கும் இடம் தெரியாமல் வாழ்கிற மனிதர். அந்த இருபது வருடமும் அவர் மனதில் ஒரே கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது: தங்கத்தை எடுப்பது சுலபம், நாட்டைவிட்டு வெளியே கொண்டு போவது எப்படி?

விடுதிக்குப் புதிதாகக் குடிவரும் பெண்டில்பரி என்பவரிடம் அதற்கு விடை இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கான சின்னச் சின்ன நினைவுப் பொருட்களை வார்த்துத் தரும் பட்டறை நடத்துகிறவர் அவர். ஈயத்தில் ஈஃபெல் கோபுரம் செய்து பாரிஸுக்கு அனுப்புகிறார். ஈயத்துக்குப் பதில் தங்கத்தை ஊற்றினால்?

நாம் பார்த்துப் பழகிய கொள்ளைக்காரன் துணிச்சல்காரன். ஹாலந்து துணிந்தவர் அல்ல. இருபது வருடம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நடந்துகொண்டார், அதுதான் அவருடைய மூலதனம். கொள்ளை நடந்த பிறகு ஊரே அவரைக் கடமை தவறாத வீரர் என்று கொண்டாடுகிறது.

சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதை நினைவிருக்கும். கள்வர்கள் துணையாகக் கொள்பவை எட்டு என்று பொற்கொல்லன் அடுக்குவான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. அந்த எட்டில் இல்லாத ஒன்றை அவனே கையில் வைத்திருந்தான். அரண்மனையில் அவனுக்கு இருந்த நல்ல பெயர் அது. சிலம்பைத் திருடியவன் அவன்தான், ஆனால் காவலர்களுக்குக் களவு சாத்திரம் சொல்லித் தருகிறவனாக நிற்கிறான். அந்த ஒன்பதாவது கருவியைப் பற்றித்தான் பிரிட்டிஷ்காரர்கள் திரும்பத் திரும்பப் படம் எடுத்தார்கள் என்று நான் நினைக்கிறேன். சுவரில் கன்னம் வைக்க அவர்களுக்குக் கன்னக்கோல் தேவைப்படவில்லை. ஒழுங்காக முடிச்சுப் போட்ட டை, மென்மையான பேச்சு, நேரம் தவறாமை இவையே போதும்.

இதற்கு ஒரு சமூகக் காரணம் உண்டு. 1951-இல் லண்டனில் இறைச்சிக்கு ரேஷன், மிட்டாய்க்கும் ரேஷன். போரில் ஜெயித்து ஆறு வருடம் ஆகியும் சனங்கள் கூப்பனோடு வரிசையில் நின்றார்கள். இறைச்சி ரேஷன் 1954 வரை தொடர்ந்தது. விதிப்படி நடந்தவனுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் இருந்திருக்கும். யாரும் அதை உரக்கக் கேட்கவில்லை, இந்தப் படத்தை எடுத்த ஈலிங் ஸ்டுடியோ கேட்டது. கதையை எழுதிய டி. ஈ. பி. கிளார்க், தங்கத்தை எப்படிக் கொள்ளையடிக்கலாம் என்று பேங்க் ஆஃப் இங்கிலாந்திடமே போய் ஆலோசனை கேட்டார். அவர்களும் யோசித்து வழி சொன்னார்கள். மரியாதையாகக் கேட்டால் அந்த ஊரில் பெட்டகமே திறக்கும் போலிருக்கிறது! அந்தக் கதைக்கு கிளார்க் ஆஸ்கார் பரிசும் வாங்கினார்.

அடுத்து, 1960-இல் வந்த 'தி லீக் ஆஃப் ஜென்டில்மென்'. ஆளில்லாத இரவுத் தெரு. பாதாளச் சாக்கடையின் மூடி மெதுவாக நகர்கிறது. உள்ளேயிருந்து விருந்துக்குப் போகிற உடுப்பில் ஒருவர் ஏறி வருகிறார், ரோல்ஸ் ராய்ஸ் காரில் ஏறிப் போகிறார். ஜாக் ஹாக்கின்ஸ் நடித்த கர்னல் ஹைட் அவர். இருபத்தைந்து வருடம் ராணுவத்தில் உழைத்தவரை, ஆள் அதிகம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தன்னைப் போலவே ஒதுக்கப்பட்ட அதிகாரிகளைச் சேர்த்து, ராணுவம் கற்றுத்தந்த ஒழுங்கோடு வங்கியைக் கொள்ளையடிக்கிறார். ஆயுதங்களுக்காக ஒரு ராணுவ முகாமுக்குள் எப்படி நுழைகிறார்கள் தெரியுமா? சாப்பாட்டின் தரத்தைச் சோதிக்க வந்த மேலதிகாரிகளாக! அதிகாரக் குரல் கேட்டதும் முகாமே விறைத்து நிற்கிறது.

இவ்வளவு திட்டமும் கடைசியில் ஒரு சிறுவனிடம் தோற்கிறது. கார்களின் பதிவெண்களை நோட்டில் எழுதிச் சேர்ப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. அவர்களுடைய எண்ணையும் எழுதிவைத்திருந்தான், அவ்வளவுதான்.

இந்தச் சிறுவன், இன்று பார்க்கப் போகிற படத்தில் வரும் பள்ளிக்கூடப் பெண், அடுத்து சொல்லப்போகிற பாட்டி. இந்தப் படங்களில் பெரிய துப்பறிவாளர் யாரும் வந்து எதையும் கண்டுபிடிப்பதில்லை. யாரையும் சந்தேகப்படாத, தன் வேலையைத் தான் பார்க்கிற ஒரு சாதாரண உயிர் குறுக்கே வரும், திட்டம் சரிந்துவிடும். நற்பெயரைப் பொய்யாக அணிந்தவர்கள், உண்மையிலேயே நல்லவரான ஒருவர் முன்னால் தடுமாறுகிறார்கள். இதை உச்சத்துக்குக் கொண்டு போனது 1955-இல் அலெக்சாண்டர் மெக்கெண்ட்ரிக் இயக்கிய 'தி லேடிகில்லர்ஸ்'.

கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துப் பக்கம், ரயில் சுரங்கத்துக்கு மேலே, சுவர் சாய்ந்து நிற்கும் ஒரு பழைய வீடு. அதில் வில்பர்ஃபோர்ஸ் அம்மாள் கிளிகளோடு தனியாக இருக்கிறார். மார்கஸ் என்ற பேராசிரியர் வாடகைக்கு அறை கேட்டு வருகிறார். நானும் நான்கு நண்பர்களும் இசை பயில வேண்டும் என்கிறார். ஐந்து பேரும் வாத்தியப் பெட்டிகளோடு வருகிறார்கள். உள்ளே கிராமபோனில் பொக்கரினியின் இசை சுழல்கிறது, இவர்கள் கொள்ளைக்குத் திட்டம் போடுகிறார்கள். அம்மாள் அடிக்கடி கதவைத் தட்டி, தேநீர் வேண்டுமா என்று கேட்கிறார். ஒவ்வொரு தடவையும் அந்த முரடர்கள் பாய்ந்து போய் வாத்தியத்தைக் கையில் எடுக்க வேண்டும்.

கொள்ளையடித்த அறுபதாயிரம் பவுண்டை ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவதே அந்த அம்மாள்தான், பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல். தெரிந்த பிறகு அவர் செய்கிற காரியம்தான் என்னை உருக்கிவிடுகிறது. அவர் பயப்படவில்லை, பள்ளிப் பிள்ளைகளைக் கண்டிப்பதுபோல் கண்டிக்கிறார். அதே நேரம் அவருடைய தோழிகள் தேநீருக்கு வந்துவிடுகிறார்கள். அந்த ஐந்து பேரும் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, பாட்டிகளோடு சேர்ந்து பழைய பாட்டுப் பாடி நிற்கிறார்கள். அப்புறம், யார் இந்தக் கிழவியைக் கொல்வது என்று குச்சி போட்டுப் பார்க்கிறார்கள். யாராலும் முடியவில்லை. ஒருவரையொருவர் தீர்த்துக்கொள்கிறார்கள், அம்மாளின் மேல் ஒரு துரும்புகூடப் படவில்லை. பணத்தைத் திருப்பித் தர அவர் காவல் நிலையம் போனால், அவர்கள் நம்பாமல் அன்பாகத் திருப்பி அனுப்புகிறார்கள்.

கேட்டி ஜான்சன் அந்த அம்மாளாக நடித்தபோது அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அதுவரை சின்ன வேடங்களில் வந்துபோன நடிகை, இதற்காக பிரிட்டிஷ் அகாடமியின் சிறந்த நடிகை விருது பெற்றார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவ்வளவு ஆங்கிலத்தனமான கதையை எழுதிய வில்லியம் ரோஸ் அமெரிக்கர். மெக்கெண்ட்ரிக் அமெரிக்காவில் பிறந்து கிளாஸ்கோவில் வளர்ந்தவர். தேநீருக்கு அழைத்தால் மறுக்க முடியாது என்பதில் உள்ள பலத்தை, வெளியிலிருந்து வந்த கண்தான் இவ்வளவு கூர்மையாகக் கண்டிருக்கிறது.

1969-இல் வந்த 'தி இத்தாலியன் ஜாப்' பலரும் பார்த்திருப்பீர்கள். டூரின் நகரத்தில் போக்குவரத்தை முடக்கிவிட்டு, சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று மினி கூப்பர் கார்கள் படிக்கட்டில் இறங்கிப் பாய்வதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். நான் ரசிப்பது நோயல் கவர்ட் நடித்த பிரிட்ஜர் பாத்திரத்தை. சிறையில் இருந்துகொண்டே பிரபுவைப்போல் ஆட்சி செய்கிறார், அறைச் சுவர் நிறைய ராணியின் படங்கள். முடிவில், கொள்ளையடித்த தங்கத்தோடு தப்பிப் போகும் பஸ் மலை விளிம்பில் ஊசலாடுகிறது. ஒரு முனையில் தங்கம், மறுமுனையில் ஆட்கள், கரணம் தப்பினால் மரணம். படம் அங்கேயே நின்றுவிடுகிறது. தங்கத்தையும் ஆட்களையும் எப்படி மீட்கலாம் என்று பல வருடம் கழித்து பிரிட்டனின் ராயல் வேதியியல் சங்கம் போட்டியே நடத்தியது.

சரி, இவ்வளவு நேரம் ரசித்துப் பேசியதால் இதையும் சொல்லியாக வேண்டும். 1963 ஆகஸ்ட் 8-ஆம் தேதி, பொழுது விடியும் முன், கிளாஸ்கோவிலிருந்து லண்டனுக்கு வந்த தபால் ரயிலைப் பக்கிங்காம்ஷயரில் நிறுத்திக் கொள்ளையடித்தார்கள். பச்சை விளக்கைக் கையுறையால் மூடி, பேட்டரியில் சிவப்பு விளக்கை எரியவிட்டார்கள். 26 லட்சம் பவுண்டு போனது. பத்திரிகைகளில் அது கிட்டத்தட்ட சாகசக் கதை ஆகிவிட்டது. ரயிலை ஓட்டி வந்த ஜாக் மில்ஸின் தலையில் அடித்தார்கள். அவர் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை, 1970-இல் வேறு நோயில் இறந்தார். தப்பி ஓடிய ரோனி பிக்ஸின் பெயர் உலகத்துக்கே தெரியும். ஓட்டுநரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தப் படங்களை விரும்புகிற எனக்கு அது உறுத்துகிறது. அதனால்தான் வில்பர்ஃபோர்ஸ் அம்மாளின் படத்தை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். அங்கே கொள்ளைக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்தான் கதையின் நாயகி.

அந்த வரிசையில் 2020-இல் வந்த 'தி டியூக்' படத்தையும் சேர்ப்பேன். நடந்த கதை. 1961-இல் லண்டன் தேசிய ஓவியக்கூடத்திலிருந்து கோயா வரைந்த வெலிங்டன் பிரபுவின் ஓவியம் காணாமல் போனது. அதை இங்கிலாந்தில் வைத்துக்கொள்ள 1,40,000 பவுண்டு கொடுத்திருந்தார்கள். முதியவர்களுக்குத் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் கூடாது என்று போராடிய கெம்ப்டன் பன்டன் என்ற நியூகாசில்காரர் பிறகு சரணடைந்தார். ஓவியத்தைத் திருப்பித் தந்துவிட்டார், அதை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லை என்பதால் திருட்டு இல்லை என்றது நடுவர் குழு. சட்டகம் திரும்பி வரவில்லை, அதற்கு மட்டும் மூன்று மாதம் சிறை. அப்புறம் 1968-இல் திருட்டுச் சட்டம் கொண்டுவந்தபோது, காட்சிக்கு வைத்த பொருளை எடுத்துப் போவதையே குற்றமாக்கினார்கள். எடுத்தவர் உண்மையில் பன்டனின் மகன் என்பது வெகுகாலம் கழித்துத்தான் ஊருக்குத் தெரிந்தது.

படத்தைப் போடச் சொல்லிவிட்டேன். ஆரம்பக் காட்சியில் ஒரு இளம்பெண் ஹாலந்திடம் வந்து சில வார்த்தை பேசிவிட்டுப் போவாள். அவர்தான் ஆட்ரி ஹெப்பர்ன், அப்போது யாருக்கும் தெரியாத முகம். ஈஃபெல் கோபுரத்தின் சுழல் படிக்கட்டில் ஹாலந்தும் பெண்டில்பரியும் ஓடி இறங்கும்போது அவர்கள் சிரிப்பைக் கேளுங்கள். தங்கம் கைவிட்டுப் போகிற நேரத்தில் அப்படிச் சிரிக்கிறார்கள். கடைசி நிமிடத்தில் ஹாலந்து எழுந்திருக்கும்போது அவருடைய முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள்.